நெல் ஊறவைக்கும் பீப்பாய்க்கு லாப்வியூ: சீக்வென்ஸா, ஸ்டேட் மெஷினா?

வடஇலங்கை வன்னியிலுள்ள வட்டக்கச்சியில் அக்கா வீட்டில் காலபோக நெல் வந்ததும் வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டியதை அங்கேயே அவிப்பார்கள். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒரு நாளுக்கு மேல் வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் புளித்த மணம் வந்துவிடும், பிறகு அந்த மணம் சோற்றிலும் நிற்கும். 65 பாகை செல்சியஸ் அளவு வெந்நீரில் வைத்தால் நாலைந்து மணித்தியாலத்தில் நெல் ஊறிவிடும். வெந்நீரை அந்தச் சூட்டிலேயே அவ்வளவு நேரம் வைத்திருப்பதுதான் பாடு. விறகடுப்பில் அதை ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். சூடு கூடினால் உமி வெடித்து அரிசி வெளியே வரும்.

அந்த ஊறவைக்கும் வேலையை மட்டும் மின்சாரத்துக்கு மாற்றினோம். அவிக்கிறதும் தறப்பாளில் காயப்போடுகிறதும் பழையபடிதான். கட்டுப்பாட்டுக்கு லாப்வியூ (பெட்டிகளை வயரால் தொடுத்துப் படமாக நிரல் எழுதும் மென்பொருள்) கம்யூனிட்டி பதிப்பு, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, ஒரு பழைய மடிக்கணினி. 2020இல் வந்த இந்தப் பதிப்பு சொந்தத் தேவைக்கு இலவசம். ஆர்டுயினோவுடன் பேசும் லிங்க்ஸ் கருவித் தொகுப்பும் அதனோடே வருகிறது. மருமகன் தொழிற்பயிற்சியில் லாப்வியூ படிக்கிறான், ஆதலால் படம் வரைகிற வேலை அவனுக்கு. இந்தப் பதிவு பீப்பாயைப் பற்றியதை விட அந்தப் படத்தைப் பற்றியது. நிரலை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் சீக்வென்ஸாக வரைவதா, இப்போது எந்த நிலை, அடுத்தது எந்த நிலை என்று பார்த்து மாறும் ஸ்டேட் மெஷினாக வரைவதா என்பதில்தான் எங்களுக்கு நேரம் போனது. போன நேரத்துக்குப் பலன் இருந்தது.

முதலில் சாமான்கள். 200 லீற்றர் இரும்புப் பீப்பாய், சுற்றிச் சாக்குக் கட்டியது. அடியில் 2 கிலோவாட் ஹீற்றர் கம்பி, அதற்கு மேலே ஓட்டைத் தகடு. தகடு இல்லாவிட்டால் நெல் கம்பியில் படிந்து கருகும். தண்ணீரைச் சுற்றவிட ஒரு சின்னப் பம்ப். மேல் தொட்டியிலிருந்து மின்வால்வு வழியாகத் தண்ணீர், மட்டம் பார்க்க மிதவைச் சுவிட்ச், வடிக்க அடியில் இன்னொரு வால்வு. ஹீற்றரை ஓட்டுவது 25 அம்பியர் சொலிட் ஸ்டேட் ரிலே (சின்னச் சைகையால் பெரிய கரண்டை ஓட்டி நிறுத்தும் மின்சுவிட்ச்), கீழே வெப்பம் தணிக்கும் அலுமினியத் தகட்டுடன். சூடு பார்க்க எல்எம்35 உணரி. அது ஒரு பாகைக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஊனோவின் 10 பிட் அளவீடு 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிப்பதால் ஒரு படி ஏறக்குறைய அரைப் பாகை. பத்து அளவுகளைச் சராசரி எடுத்தால் எண் துள்ளாமல் நிற்கிறது. இந்த வேலைக்கு அது தாராளம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பீப்பாய்க்கு எர்த் கட்டாயம், லைனில் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், 85 பாகையில் ஹீற்றரைத் தானாக வெட்டும் ஒரு தனித் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் மாற்றாகாது.

மருமகன் முதலில் வரைந்து வந்தது பிளாட் சீக்வென்ஸ். சினிமாச் சுருளின் கட்டங்கள் மாதிரி ஐந்து பிரேம். தண்ணீர் நிரப்பு, 75 பாகைக்குச் சூடாக்கு, நெல் போடும்வரை காத்திரு, ஐந்து மணித்தியாலம் ஊறவை, வடி. ஒவ்வொரு பிரேமுக்குள்ளும் ஒரு வைல் லூப், நிறுத்தும் நிபந்தனை வரும்வரை திரும்பத் திரும்பச் சுற்றும் பெட்டி. இடமிருந்து வலமாக வாசித்தால் அக்காவுக்கே விளங்கும். தண்ணீரை 75க்குக் கொண்டுபோவது ஏன் என்றால், 60 லீற்றர் வெந்நீரில் 50 கிலோ நெல் விழுந்ததும் சூடு இறங்கி 65க்குக் கிட்ட வந்து நிற்கும்.

"மாமா, இது நேரே போற வேலைதானே. இதுக்குள்ள ஸ்டேட் மெஷின் என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. லாப்வியூவில் நிரல் வரிவரியாக ஓடாது. ஒரு பெட்டிக்கு வேண்டிய தரவெல்லாம் வயர் வழியே வந்து சேர்ந்தால்தான் அது ஓடும். வயரால் தொடுக்காத இரண்டு பெட்டிகளில் எது முந்தும் என்று யாரும் சொல்ல முடியாது, இரண்டும் ஒன்றாகவும் ஓடலாம். 1986இல் மக்கின்ரொஷ் கணினிக்கு வந்த முதல் பதிப்பிலிருந்து இந்த மொழியின் உயிர் இதுதான். சி மொழியோ பைதனோ படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கையைக் கட்டிப்போட்டது போல இருக்கும். "இதுக்குப் பிறகு இது" என்று சொல்ல ஒரு வழி தேடுவார்கள். சீக்வென்ஸ் கண்ணில் பட்டதும் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவார்கள்.

அவன் படம் ஓடியது. ஒரு தடங்கலும் வராத நாளில் அது சரியாகவே ஓடும். அதனால் நான் அவனிடம் படத்தில் பிழை தேடச் சொல்லவில்லை. "ஊறிக்கொண்டிருக்கும்போது நிறுத்து பட்டனை அழுத்து, என்ன நடக்கும் என்று பார்ப்போம்" என்றேன்.

நாலாவது பிரேமின் லூப் நின்றது. உடனே ஐந்தாவது பிரேம் ஓடத் தொடங்கி, வடிகால் வால்வு திறந்தது. நிறுத்தச் சொன்னால் பீப்பாய் காலியாகிறது! நெல் இல்லாமல் வெறும் தண்ணீரில் பார்த்ததால் நட்டமில்லை. சீக்வென்ஸின் இயல்பே இதுதான். ஒருமுறை தொடங்கினால் கடைசிப் பிரேம்வரை போய்த்தான் தீரும், நடுவில் வெளியே வர வாசல் கிடையாது. அடுத்த பிரேமைத் தவிர்க்க வேண்டுமென்றால் அதற்குள் ஒரு கேஸ் ஸ்ட்ரக்சர் (நிபந்தனைப்படி ஒரு வழியை மட்டும் ஓட்டும் பெட்டி) வைத்து, "நிறுத்து அழுத்தப்பட்டிருந்தால் ஒன்றும் செய்யாதே" என்று எழுத வேண்டும். அதற்கடுத்த பிரேமுக்கும் அப்படியே. முதலாவதைத் தவிர மற்ற நாலு பிரேமுக்கும் நாலு கேஸ்.

பட்டனிலேயே இன்னொரு சிக்கல். நிறுத்து பட்டனுக்கு பிளாக் டயகிராமில் (நிரல் படத்தில்) ஒரே ஒரு டெர்மினல், அதாவது வயர் தொடுக்கும் முனைதான். அதை எந்த லூப்புக்குள் வைப்பது? மற்ற லூப்புகளுக்குப் பட்டனின் மதிப்பை வயரில்லாமல் வாசிக்கும் லோக்கல் வேரியபிள் போடலாம் என்று அவன் போட்டான், ஓடவிடும் அம்புக்குறி உடைந்து நின்றது, அதாவது நிரல் ஓடாது. அழுத்தி விட்டதும் தானே மேலெழும் லாட்ச் வகைப் பட்டனுக்கு லோக்கல் வேரியபிள் வைக்க லாப்வியூ விடாது. பட்டனைச் சுவிட்ச் வகைக்கு மாற்றி, பிறகு அதைத் திரும்ப மேலே எழுப்பும் வேலையையும் நாமே எழுத வேண்டும். ஒரு பட்டனுக்கு இவ்வளவு பாடு.

"அப்ப மேல இருக்கிற சிவப்பு அபோர்ட்டை அழுத்தினா?" என்று கேட்டான். அதைத்தான் யாரும் செய்யக்கூடாது. அபோர்ட் நிரலை அந்த இடத்திலேயே வெட்டிவிடும். ஹீற்றர் ரிலேக்கு "நில்" என்று சொல்ல ஆளிருக்காது. ஆர்டுயினோவின் கால் (ரிலேக்குப் போகும் பின்) கடைசியாகச் சொன்ன நிலையிலேயே இருக்கும். அது "ஓன்" என்றால் ஹீற்றர் ஓனிலேயே நிற்கும். திரையில் எல்லாம் நின்ற மாதிரித் தெரியும், பீப்பாய் கொதிக்கும்.

அதன்பிறகு வன்னியில் யாரும் மறக்கக் கூடாத விஷயம்: கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. இப்போது அப்படியில்லை. ஆனாலும் மழைக்கும் காற்றுக்கும் போகிற கரண்ட் போகத்தான் செய்கிறது. மடிக்கணினியில் பற்றரி இருக்கிறது, ஆர்டுயினோ அதன் யூஎஸ்பியிலேயே ஓடுகிறது. ஆக, கரண்ட் போனது நிரலுக்குத் தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு ஹீற்றரை "ஓன்" என்று சொல்லிக்கொண்டு, ஐந்து மணித்தியாலத்தையும் எண்ணி முடித்து, ஆறிப்போன தண்ணீரில் அரைகுறையாக ஊறிய நெல்லை வடித்துவிடும்.

இந்த இடத்தில்தான் நான் அவனிடம் சொன்னேன்: வேலையின் வரிசை என்ன என்று கேட்டு வரையத் தொடங்காதே, அந்த வரிசையை எதெல்லாம் குழப்பலாம் என்று கேள். குழப்ப ஒன்றுமே இல்லையென்றால் சீக்வென்ஸ் போதும், பெரும்பாலும் அதுகூட வேண்டாம். ஒன்றாவது இருந்தால் ஸ்டேட் மெஷின். எங்கள் பீப்பாயைக் குழப்பக்கூடியவற்றைத் தாளில் எழுதிப் பார்த்தோம். கரண்ட் போகலாம். தொட்டியில் தண்ணீர் முடியலாம். எல்எம்35 கழன்று வெளியே தொங்கலாம். அக்கா நேரம் முடிய முன்னமே "போதும்" என்று சொல்லலாம். மடிக்கணினி அணையலாம். இதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை.

ஸ்டேட் மெஷினின் எலும்புக்கூடு சின்னதுதான். ஒரே ஒரு வைல் லூப், அதற்குள் ஒரு கேஸ் ஸ்ட்ரக்சர், "அடுத்த நிலை எது" என்பதை ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குச் சுமந்து வரும் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். நிலைகளின் பெயர்கள் ஒரு ஈனம் பட்டியலில், அதாவது ஒவ்வொரு பெயருக்கும் பூச்சியத்திலிருந்து ஒரு எண் கொண்ட பட்டியலில். அதை டைப் டெஃபாக, எல்லா இடமும் பார்க்கும் ஒரே மூலமாக, சேமித்துவிட்டால் புதிய நிலை ஒன்றைச் சேர்க்கும்போது எல்லா இடத்திலும் தானே மாறும். லாப்வியூ தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டாது, அதனால் பெயர்களை ரோமன் எழுத்தில் வைத்தோம். இங்கே தமிழில் சொல்கிறேன்: பாதுகாப்பு நிறுத்தம், தொடக்கம், காத்திரு, நிரப்பு, சூடாக்கு, நெல் போடு, ஊறவை, வடி, கரண்ட் இல்லை, ஆளைக் கூப்பிடு.

பட்டியலில் முதலாவதாகப் பாதுகாப்பு நிறுத்தத்தை வைத்ததற்குக் காரணம் உண்டு. கேஸிலிருந்து வயர் வெளியே வரும் டனல் என்ற வாசலில் "வயர் இல்லாவிட்டால் இயல்பு மதிப்பு" என்று ஒரு தெரிவு இருக்கிறது. யாராவது ஒரு கேஸில் வயரிட மறந்து அந்தத் தெரிவையும் போட்டிருந்தால், போகிற மதிப்பு ஈனத்தின் பூச்சிய இலக்க நிலை. அது "நிரப்பு" என்று இருந்தால் மறதி ஒன்றால் தண்ணீர் திறக்கும். பாதுகாப்பு நிறுத்தம் என்று இருந்தால் மறதியும் நல்ல பக்கம் போய் விழும். என் வழக்கம் எல்லா டனலையும் கையாலேயே வயரிடுவது. அப்போது மறந்த இடத்தை உடைந்த அம்பு காட்டிக் கொடுக்கும். இருந்தாலும் அந்த முதல் இடத்தை விட்டுவைப்பதில்லை.

நிறுத்து பட்டன் இப்போது கேஸுக்கு வெளியே, லூப்புக்குள் ஒரே இடத்தில் இருக்கிறது. லூப் அரைச் செக்கனுக்கு ஒருமுறை சுற்றும். பட்டன் அழுத்தப்பட்டால் எந்த நிலையில் இருந்தாலும் அடுத்தது பாதுகாப்பு நிறுத்தம். ரிலேக்களும் அப்படித்தான். ஒவ்வொரு கேஸும் ஹீற்றர், பம்ப், இரண்டு வால்வு ஆகிய நாலுக்கும் தனக்கு வேண்டிய நிலையை ஒரு கிளஸ்டராக (பல மதிப்புகளைச் சேர்த்த ஒரு கட்டாக) வெளியே தருகிறது. ஆர்டுயினோவுக்கு எழுதுவது லூப்பின் முடிவில் ஒரே ஒரு இடம். ஹீற்றர் ஏன் ஓனில் இருக்கிறது என்று தேட வேண்டி வந்தால் பார்க்கவேண்டியது அந்த ஒரு வயரை மட்டும்.

சூடாக்கு நிலையில் ஒரு கணக்கு உதவியது. 2 கிலோவாட் ஹீற்றர் 60 லீற்றர் தண்ணீரை நிமிடத்துக்கு அரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாக ஏற்றும். அப்படியானால் பத்து நிமிடத்தில் ஐந்து பாகைக்குக் கிட்ட ஏற வேண்டும். வெப்ப இழப்புக்கு நிறைய விட்டுக்கொடுத்து, பத்து நிமிடத்தில் 2 பாகைகூட ஏறாவிட்டால் "ஆளைக் கூப்பிடு" என்று வைத்தோம். ஹீற்றர் பழுதானாலும், எல்எம்35 கழன்று காற்றில் தொங்கினாலும் இது பிடித்துவிடும். இரண்டாவதுதான் பயங்கரம். காற்றுச் சூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் நிரல் ஹீற்றரை ஒருபோதும் அணைக்காது. நிரப்பு நிலைக்கும் இதேபோல ஒரு காலவரம்பு உண்டு.

கரண்டைப் பார்க்கிற வழி மலிவானது. ஹீற்றர் இருக்கும் அதே லைனில் ஒரு போன் சார்ஜர். அதன் 5 வோல்ட் வெளியீடு ஆர்டுயினோவின் ஒரு டிஜிட்டல் காலுக்குப் போகிறது, கிரவுண்ட் இரண்டுக்கும் பொது. காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் தடை போட்டால் கரண்ட் போனதும் கால் மிதக்காமல் கீழே வரும். சார்ஜருக்குள் இருக்கும் கொள்ளளவி வடிய ஒருசில செக்கன் எடுக்கும், அது பரவாயில்லை. கரண்ட் போனதும் நிரல் இருந்த நிலையை இரண்டாவது ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் வைத்துவிட்டுக் "கரண்ட் இல்லை" நிலைக்கு மாறும். திரும்ப வந்ததும் உடனே பாயாமல் இரண்டு நிமிடம் பார்க்கும். வந்த கரண்ட் இரண்டு தரம் போய்வந்துதான் நிலைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பும்.

கரண்ட் இல்லாத நேரம் ஊறிய கணக்கில் சேருமா? அவனும் நானும் அதிகம் வாதாடியது இதில்தான். சாக்குக் கட்டிய பீப்பாய் உடனே ஆறாது. 60 பாகைக்கு மேலே நிற்கும்வரை நெல் நன்றாகவே ஊறுகிறது, ஹீற்றர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நெல்லுக்கு ஒன்றுதான். அதனால் நேரம் எண்ணுவதை ஊறவை கேஸுக்குள் வைக்காமல் வெளியே எடுத்தோம். நெல் உள்ளே இருக்கிறதா, சூடு 60க்கு மேலா, இரண்டும் ஆம் என்றால் கடந்த நேரத்தைக் கூட்டு. எந்த நிலை என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. நிலையோடு மாறுவது கேஸுக்குள், நிலை மாறினாலும் தொடர்வது கேஸுக்கு வெளியே. இந்தப் பிரிப்பு சரியாக வந்தபிறகு மிச்சப் படம் தானாகச் சுருங்கியது. நெல் போட்டதிலிருந்து மொத்தம் எட்டு மணித்தியாலம் தாண்டினால், சூடு என்னவாக இருந்தாலும் "ஆளைக் கூப்பிடு". அதற்குமேல் முடிவு அக்காவுடையது.

அக்கா கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பிடி நெல்லை எடுத்து, நகத்தால் உமியை உரித்து, அரிசியை அழுத்திப் பார்ப்பார். நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லையென்றால் ஊறிவிட்டது. "தம்பி, இது நாலு மணித்தியாலத்திலயே காணும். உன்ர மிஷின் என்னத்துக்கு இன்னும் வச்சிருக்கு?" என்றார். நெல்லின் இனத்தைப் பொறுத்து, காய்ந்த அளவைப் பொறுத்து நேரம் மாறும் என்பது உண்மைதான். "போதும்" என்று ஒரு பட்டன் வைத்தோம், ஊறவை நிலையிலிருந்து வடிக்குப் போகும் ஒரு வழி. ஸ்டேட் மெஷினில் அது ஒரு கேஸுக்குள் இரண்டில் ஒன்றைத் தெரியும் ஒரு செலக்ட் பெட்டி. வேறு எந்தக் கேஸையும் தொடவில்லை.

மடிக்கணினியும் அணைந்துவிட்டால்? நிலை மாறும்போதெல்லாம், மற்றபடி ஐந்து நிமிடத்துக்கொருமுறை, ஒரு எழுத்துக் கோப்பில் மூன்றை எழுதுகிறோம்: நிலையின் பெயர், ஊறிய செக்கன்கள், அந்த நேரம். நிலையின் எண்ணை எழுதவில்லை, பெயரை எழுதுகிறோம். நாளைக்குப் பட்டியலின் நடுவில் ஒரு நிலையைச் சேர்த்தால் பழைய கோப்பில் இருக்கும் 6 வேறொன்றைக் குறிக்கும், பெயர் மாறாது. திரும்பத் திறக்கும்போது முடியாத வேலை கோப்பில் இருந்தால் தொடக்கம் நிலை "தொடரவா?" என்று கேட்டு நிற்கும். ஆள் அழுத்தாமல் ஹீற்றர் ஓனாகாது. சீக்வென்ஸில் இதைச் செய்யப் பார்த்தால் முதல் பிரேமிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் வெறுமனே கடந்து வரவேண்டும். நாலாவது பிரேமிலிருந்து தொடங்கு என்று சொல்ல அங்கே வழியில்லை.

இவ்வளவு சொன்னதால் சீக்வென்ஸ் வேண்டாத சாமான் என்று எடுக்க வேண்டாம். எங்கள் படத்தில் இரண்டு இடத்தில் அது இருக்கிறது. ஆர்டுயினோவில் அளவெடுக்க எவ்வளவு நேரம் போகிறது என்று பார்க்க மூன்று பிரேம்: டிக் கவுண்ட் (மில்லிசெக்கன் கடிகாரம்), அளவெடுப்பு, டிக் கவுண்ட். இதற்கு அதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது. இன்னொன்று ஒற்றைப் பிரேம். வால்வை மூடியபிறகு 200 மில்லிசெக்கன் பொறுத்துப் பம்பை நிறுத்த வேண்டும். காத்திருக்கும் வெயிட் பெட்டிக்கு எர்ரர் டெர்மினல் (பிழைச் செய்தியைக் கொண்டுபோகும் எர்ரர் வயரைத் தொடுக்கும் முனை) கிடையாது. அதைப் பிரேமுக்குள் வைத்து, எர்ரர் வயரைப் பிரேமின் ஊடாக விட்டால் வரிசை வந்துவிடும். மற்ற இடங்களில் எர்ரர் வயர் ஒன்றே வரிசையைத் தந்துவிடுகிறது. நடுவில் பிழை வந்தால் அது அடுத்தடுத்த பெட்டிகளுக்கும் போய்ச் சேர்கிறது. ஸ்டாக்டு சீக்வென்ஸை மட்டும் நான் தொடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு பிரேம்தான் கண்ணுக்குத் தெரியும், தரவு, பிரேமுக்குப் பிரேம் கொண்டுபோகும் சீக்வென்ஸ் லோக்கல் வழியே வலமிருந்து இடமாகவும் ஓடும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் படம் வரைந்து நிரல் எழுதுவதன் முழுப் பயனும் போய்விடுகிறது.

மருமகன் இப்போது இன்னொரு கட்டத்தில் இருக்கிறான். பக்கத்து ஊரில் விற்பனைக்கு நெல் அவிக்கும் ஒருவர் இதைப் பார்த்துத் தனக்கும் கேட்டார். கம்யூனிட்டி பதிப்பை வியாபாரத்துக்குப் பாவிக்க உரிமை இல்லை, அங்கே மடிக்கணினி வைக்கவும் வசதியில்லை. அதனால் முழுவதையும் ஆர்டுயினோவுக்குள்ளேயே எழுதுகிறான். தாளில் இருந்த நிலைப்படம் அப்படியே போகிறது. கேஸ் ஸ்ட்ரக்சர் சுவிட்ச்-கேஸ் ஆகிறது, ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சாதாரண மாறி ஆகிறது, நேரத்துக்கு, ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லிசெக்கனை எண்ணும் மில்லிஸ். எழுத்துக் கோப்புக்குப் பதில் ஈப்ரொம், கரண்ட் போனாலும் அழியாத நினைவகம். ஊனோவின் ஈப்ரொம் ஓரிடத்தில் ஒரு லட்சம் முறை எழுதுவதற்குத்தான் உத்தரவாதம். செக்கனுக்கு ஒருதரம் எழுதினால் முப்பது மணித்தியாலத்துக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் என்றால் நாள் முழுக்க ஓடினாலும் பதினொரு மாதம் தாண்டும். போகத்துக்குச் சில கிழமை ஓடும் பீப்பாய்க்கு அது பல வருடம். இப்போது மிச்சம் இருப்பது கரண்ட் போகும்போது ஆர்டுயினோவும் சேர்ந்து அணையும் பிரச்சினை. தொடக்கம் நிலையில் கேட்கும் "தொடரவா?"வுக்கு ஒரு சிவப்பு விளக்கும் ஒரு பட்டனும் பெட்டிக்கு வெளியே வைத்துப் பார்க்கிறோம். ஊனோவில் கடிகாரம் இல்லாததால், கரண்ட் எவ்வளவு நேரம் இல்லை என்று அறிய பற்றரி வைத்த ஒரு சின்னக் கடிகாரப் பலகையும் வாங்க வேண்டும்.